தள்ளுபடிக்கு முன்னால் சேவ் ஃபைல்

கேள்வி: கோயம்புத்தூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன கேம் ஸ்டூடியோ நடத்துகிறோம். தீவில் குடியிருப்பு கட்டி, பயிர் வைத்துப் பிழைக்கும் எங்கள் முதல் கேம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 15 டாலர் விலையில் ஏர்லி ஆக்சஸில் (முழுதாக முடியும் முன்பே விற்கும் முறையில்) இருக்கிறது. பத்து மாதத்தில் 9,000 பிரதிகள் விற்றன. மூன்று மாதம் முன்பு ஒரு பெரிய அப்டேட் கொடுத்தோம். அதிலிருந்து, நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு அடிக்கடி சேவ் (ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் கோப்பு) கெட்டுப்போகிறது. 84 சதவீதமாக இருந்த பாசிட்டிவ் ரிவ்யூ 68-க்கு இறங்கிவிட்டது. மொத்தம் 400 ரிவ்யூ. கேமை வெளியிட்டு விற்கும் எங்கள் பப்ளிஷரின் திட்டம் இது: டிசம்பர் சேலில் 75 சதவீதத் தள்ளுபடி, அதே வாரத்தில் 8 டாலருக்கு ஒரு டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி), கேமைத் திறக்கும் தங்கள் லாஞ்சர் செயலியில் கட்டாய லாகின், ஜனவரியில் எல்லோரும் இரண்டாவது கேமுக்கு மாறுவது. அவர்கள் பங்கு 30 சதவீதம். ரோட்மேப்பில் (வரப்போகும் வசதிகளின் பட்டியலில்) நாங்கள் சொன்ன, பலர் சேர்ந்து ஆடும் கோ-ஆப் வசதியைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம் என்கிறார்கள். 'பழைய ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார்கள், இனி வரப்போகிறவர்களைப் பாருங்கள்' என்பது அவர்கள் வாதம். மாதச் செலவு மூன்றரை லட்சம். இப்போது செப்டம்பர், ஜனவரி வரைக்கும்தான் கையில் பணம். விற்பனையைப் பார்ப்பதா, கூடவே வந்தவர்களைப் பார்ப்பதா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

ஜனவரி வரைக்கும்தான் பணம் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன். சம்பளம் நின்றால் அப்டேட்டும் நின்றுவிடும். அப்புறம் அந்த 9,000 பேருக்கு உங்களால் எதுவும் செய்ய முடியாது. அதனால் விற்பனையை ஒதுக்கிவைக்கச் சொல்லமாட்டேன். பப்ளிஷரின் பட்டியலில் தள்ளுபடியும் டிஎல்சியும் நேரம் பார்த்துச் செய்தால் நல்ல யோசனைகளே. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. 'பழையவர்கள் காசு கொடுத்துவிட்டார்கள்' என்ற வாதமோ, ஸ்டீம் மாதிரி ஒரு கடையில் கணக்குக்கே ஒத்துவராது. போட்டுப் பார்ப்போம்.

400 ரிவ்யூவில் 68 சதவீதம் என்றால் 272 பாசிட்டிவ், 128 நெகட்டிவ். ஸ்டீமில் 40 முதல் 69 சதவீதம் வரை 'மிக்ஸ்டு' என்ற பட்டம்தான் கிடைக்கும். 70-ஐத் தொட்டால் 'மோஸ்ட்லி பாசிட்டிவ்', 80-ஐத் தொட்டால் 'வெரி பாசிட்டிவ்'. புதியவர்களை வைத்து 70-ஐத் தொடவேண்டும் என்றால், இனி வரும் 27 ரிவ்யூவும் ஒன்றுகூடப் பிசகாமல் பாசிட்டிவாக இருக்கவேண்டும். பழையவர்களில் 8 பேர் தங்கள் நெகட்டிவ் ரிவ்யூவை மாற்றினாலே அதே 70 வந்துவிடும். 80-க்கு இன்னும் பளிச்சென்று தெரியும்: புதியவர்கள் என்றால் தொடர்ந்து 240 பாசிட்டிவ் வேண்டும், பழையவர்கள் என்றால் 48 பேர் மனம் மாறினால் போதும். ஒரு நெகட்டிவ் பாசிட்டிவாக மாறும்போது தராசின் ஒரு தட்டில் எடை குறைந்து இன்னொரு தட்டில் ஏறுகிறது. புதிய ரிவ்யூ ஒரு தட்டில் மட்டும்தான் விழும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பக்கத்தில் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று ஸ்டீம் காட்டும். அரை மணி ஆடிவிட்டுத் திட்டுபவரை வாங்க வருபவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். '46 மணி நேரம்' என்று போட்டு, 'அருமையான கேம், ஆனால் என் தீவு போய்விட்டது' என்று எழுதியவரை எல்லோரும் நம்புவார்கள். உங்கள் கடை வாசலில் இப்போது நிற்பவர்கள் அவர்கள்தான்.

அவர்கள் எத்தனை பேர் என்று இன்றே பார்த்துவிடுங்கள். கேமின் பிற்பகுதியில் கிடைக்கும் அச்சீவ்மென்ட் பதக்கம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது என்பதை ஸ்டீம் காட்டுகிறது. முப்பது நாற்பது மணி நேரத்தில் கிடைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து சதவீதம் என்று வந்தால் வியப்படைய வேண்டாம். அதைக் காட்டி 'பாருங்கள், சிறுபான்மைதான்' என்று பப்ளிஷர் சொல்லக்கூடும். எண்ணிக்கையில் சிறுபான்மைதான். ஆனால் ரிவ்யூ எழுதுவது, நண்பனை இழுத்துவருவது, வீடியோ போடுவது, டிஎல்சி வந்தால் முதல் நாளே வாங்குவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் தினமும் பேசும் இருபது பேரை மட்டும் வைத்து இந்தக் கூட்டத்தின் மனதை அளக்காதீர்கள். 128 நெகட்டிவையும் உட்கார்ந்து படித்து, சேவ், விலை, கோ-ஆப், சலிப்பு, ஹேங் என்று காரணம் வாரியாகப் பிரியுங்கள். இரண்டு பேர் ஒரு நாளில் முடிக்கும் வேலை. அடுத்த மூன்று மாதத் திட்டம் அந்தத் தாளில் இருக்கும்.

இனி 75 சதவீதத் தள்ளுபடி. 15 டாலர் கேம் 3.75-க்குப் போகும். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்தால் மீதி 2.62. அதில் பப்ளிஷர் 30 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 1.84 டாலர். 25 சதவீதத் தள்ளுபடி என்றால் 11.25-இல் தொடங்கி உங்கள் கைக்கு 5.51 வரும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாதச் செலவை எடுக்க 25 சதவீதத்தில் சுமார் 750 பிரதி போகவேண்டும்; 75 சதவீதத்தில் சுமார் 2,240 பிரதி. ரீஃபண்ட், நாட்டுக்கு நாடு மாறும் விலை, வரிப்பிடித்தம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு எண்ணும் கூடும். ஆனால் மூன்று மடங்கு என்ற விகிதம் பெரிதாக மாறாது.

டிசம்பர் சேலில் மூன்று மடங்கு விற்பது நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. அப்படி விற்றபிறகு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. ஸ்டீமின் ரீஃபண்ட் விதி வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். உங்கள் பக் (பிழை) தலைகாட்டுவது நாற்பதாவது மணி நேரத்தில். அதனால் டிசம்பர் கணக்கில் ரீஃபண்ட் குறைவாகவே தெரியும். எல்லாம் சுகம் என்று தோன்றும். பிப்ரவரியில் அந்தப் புதியவர்களின் தீவுகளும் ஒவ்வொன்றாகப் போகும்போது, ஆளெல்லாம் இரண்டாவது கேமில் இருப்பார்கள். இன்றைக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும் கோபம் அப்போது ஆயிரக்கணக்கில் இருக்கும். அதோடு, ஒரு கேம் இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலை என்ன என்பதைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. ஏர்லி ஆக்சஸிலேயே 3.75 என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், விஷ்லிஸ்டில் (வாங்க நினைக்கும் பட்டியலில்) வைத்திருப்பவர்கள் அந்த விலை மறுபடி வரட்டும் என்று காத்திருப்பார்கள். முழு வெளியீட்டின்போது அதுதான் உங்களைக் கடிக்கும்.

ஆகவே முதல் மூன்று வாரம் சேவ். இதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் ஸ்டூடியோவின் எதிர்காலம் இப்போதைக்கு இந்த ஒரு கோப்பில் இருக்கிறது.

இந்த வகை கேம்களில் சேவ் கெடுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். முதலாவது, பழைய கோப்பின் மேலேயே நேரடியாக எழுதுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேம் கிராஷ் ஆனாலோ கரண்ட் போனாலோ பாதிக் கோப்புதான் மிஞ்சும். குடியிருப்பு பெரிதாகப் பெரிதாக சேவும் பெரிதாகிறது, எழுத எடுக்கும் நேரமும் கூடுகிறது. நீண்ட நேரம் ஆடியவர்களுக்கு மட்டும் அடிபடுவதற்கு இது ஒரு விளக்கம். இரண்டாவது, அப்டேட்டில் பொருள்களின் எண் வரிசை மாறுவது. உங்கள் பட்டியலில் 37-ஆம் எண் தென்னங்கன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டில் பட்டியலின் நடுவே ஒரு புதிய பொருளைச் செருகினால் 37 என்பது கல் சுவராகிவிடும். பழைய சேவ் கோப்பைத் திறந்தவுடன் ஒருவர் நாற்பது மணி நேரம் வளர்த்த தென்னந்தோப்பு முழுவதும் சுவராக நிற்கும். இல்லையென்றால் திறக்காமலே விழுந்துவிடும். பிரச்சினை சரியாக அந்த அப்டேட்டிலிருந்து தொடங்கியது என்கிறீர்கள். அதனால் முதலில் இங்கேதான் தேடுவேன். மூன்றாவது, சேவ்களை இணையத்தில் சேமிக்கும் ஸ்டீம் கிளவுட். கேமை மூடியதும் கெட்ட கோப்பு மேலே ஏறிவிடும். இன்னொரு கணினியிலோ ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியிலோ இருந்த நல்ல கோப்பின் மேல் அது வந்து உட்கார்ந்துவிடும்.

மருந்தும் மூன்றுக்கும் உண்டு. சேவ் செய்வதை எப்போதும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள். எழுதியது டிஸ்க்கில் முழுதாக இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்து, திரும்பப் படித்து செக்சம் (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கவேண்டும். கடைசி ஐந்து சேவ்களையும், ஒவ்வொரு மணி நேரத்துக்கு ஒன்றையும் தனியாக வைத்திருங்கள். மெனுவில் 'முந்தைய சேவ் கோப்பைத் திற' என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். ஃபோல்டருக்குள் போய்த் தேடச்சொன்னால் பத்தில் எட்டுப் பேர் தேடமாட்டார்கள், ரிவ்யூ பக்கத்துக்குப் போவார்கள். கோப்பின் தலைப்பில் வெர்ஷன் எண் இருக்கவேண்டும். 12-இலிருந்து 13, 13-இலிருந்து 14 என்று ஒவ்வொரு படியாக மாற்றும் சிறு சிறு பகுதிகள் எழுதுங்கள். 12-இலிருந்து நேரே 14-க்குத் தாவவேண்டாம். மாற்றியபிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பொருளை வரிசை எண்ணால் அடையாளம் காண்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்றைக்கும் மாறாத ஒரு பெயர் கொடுங்கள்.

கிளவுடில் ஒரு பொறி உண்டு. பேக்கப் கோப்புகள் சேர்ந்தால், ஸ்டீம்வொர்க்ஸில் (கேம் செய்பவர்களுக்கான ஸ்டீமின் தளத்தில்) நீங்கள் குறித்திருக்கும் அளவையும் கோப்பு எண்ணிக்கையையும் தாண்டிவிடும், தாண்டினால் சின்க் தடைப்படும். அந்த அளவைக் கூட்டுங்கள், அல்லது பேக்கப்புகளைக் கிளவுடில் சேர்க்காமல் விடுங்கள். இரண்டையும் மறந்துவிட்டு பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) விட்டால், ஒரு பிரச்சினையைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கொடுத்ததாக ஆகும்.

சோதனைக்கு டிஸ்கார்டில் கேட்டு, உண்மையான ஆட்டக்காரர்களின் பழைய சேவ்கள் குறைந்தது முப்பது வாங்குங்கள். அதில் கெட்டுப்போனவை பாதி, நன்றாக இருப்பவை பாதி இருக்கட்டும். கேமின் ஒவ்வொரு பில்டும் (நீங்கள் உருவாக்கும் பதிப்பும்) அந்த முப்பதையும் தானாகத் திறந்து பார்க்கவேண்டும். சேவ் ஓடும்போதே புராசஸை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நூறு முறை ஓட்டுங்கள்; நூறிலும் ஏதாவது ஒரு சேவ் திறக்கவேண்டும். அலுவலகத்தில் நீங்களே ஆடிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. உங்களில் ஒருவர்கூட நாற்பது மணி நேரத் தீவை வைத்திருக்கமாட்டீர்கள்.

நான்காவது வாரம் இதை, விரும்புபவர்கள் மட்டும் சேரும் பீட்டா கிளையில் விடுங்கள். அப்டேட்டுக்கு முந்தைய பில்டையும் தனிக் கிளையாக வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் இருப்பவர்கள் அதிலேயே தங்கி முடிக்கட்டும். புதிய பில்டில் சேமித்ததைப் பழைய கிளையில் திறக்க முடியாது என்பதை அந்தக் கிளையின் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கோப்பே பாதியில் அறுந்துபோனவர்களுக்கு ஒன்றும் மீளாது. அவர்களுக்காக, பாதித் தொழில்நுட்பம் திறந்த நிலையில், அடிப்படைப் பொருள்களோடு புதுத் தீவைத் தொடங்கும் ஒரு வழி கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு நாள் வேலைதான். இழந்தவர் திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்திருக்கவேண்டும்.

பேட்ச் வெளியாகும் நாளில் என்ன எழுதுவது என்பதிலும் பல ஸ்டூடியோக்கள் கோட்டைவிடுகின்றன. 'சில ஆட்டக்காரர்கள் சிரமங்களைச் சந்தித்ததாக அறிகிறோம்' என்று தொடங்கும் அறிவிப்பு நெருப்பில் எண்ணெய் ஊற்றும். இப்படி எழுதுங்கள்:

'சேவ் கெட்டுப்போனது எங்கள் தவறு. போன அப்டேட்டில் பொருள்களின் எண் வரிசையை மாற்றினோம். பழைய சேவ்களை அதற்கேற்ப மாற்றும் பகுதியைச் சரியாகச் சோதிக்காமல் விட்டுவிட்டோம். இன்றைய பேட்ச் அதைச் சரிசெய்கிறது. இனி ஐந்து பேக்கப் தானாக இருக்கும். தோப்பும் சுவரும் மாறிப்போன சேவ்கள் இந்த பேட்ச்சில் மீளும். பாதியில் அறுந்த கோப்புகள் மீளாது. அவர்களுக்காகப் புதிய தொடக்க வழி ஒன்று சேர்த்திருக்கிறோம். இன்னும் திறக்கவில்லை என்றால் கோப்பை அனுப்புங்கள், மூன்று வேலை நாளில் பதில் வரும்.'

காரணம் நீங்கள் உண்மையில் கண்டுபிடித்ததாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் போடும்போதும் இதே வரிசைதான்: தவறு, காரணம், மீள்வது, மீளாதது, அடுத்து அவர் செய்யவேண்டியது. சேவ் பிரச்சினையைக் குறிப்பிட்ட ஒவ்வொரு நெகட்டிவ் ரிவ்யூவுக்கும் டெவலப்பர் பதில் பகுதியில் மூன்று வரி எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டாதீர்கள். ரிவ்யூவை மாற்றச்சொல்லிக் கேட்காதீர்கள். மாற்றினால் இது தருகிறேன், அது தருகிறேன் என்று சொல்வதை ஸ்டீம் விதியே தடுக்கிறது. தீவு திரும்பக் கிடைத்தவர்களில் பலர் தாங்களாகவே வந்து மாற்றுவார்கள். கடைசி 30 நாள் ரிவ்யூக்களை ஸ்டீம் தனியாகக் காட்டுவதால், மொத்தச் சதவீதம் ஏறுவதற்கு முன்பே அந்த வரியில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

இங்கே 'நோ மேன்ஸ் ஸ்கை' கேமைப் பப்ளிஷர் எடுத்துக்காட்டக்கூடும்: முதலில் விற்றார்கள், பிறகு சரிசெய்தார்கள், இன்று எல்லோரும் புகழ்கிறார்கள் என்று. உண்மைதான். 2016 ஆகஸ்டில் வெளியாகிப் பெரும் ஏமாற்றத்தைக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் முதல் பெரிய இலவச அப்டேட் வந்தது. பிறகு ஆண்டுதோறும் இலவசமாகவே கொடுத்துவந்தார்கள். ஸ்டீமில் மொத்த ரிவ்யூ 'வெரி பாசிட்டிவ்' ஆனது 2024 நவம்பரில். எட்டு ஆண்டு ஆகியிருக்கிறது. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் ஸ்டூடியோ அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது முதல் வெளியீட்டில் வந்த பெரும் விற்பனைப் பணத்தை வைத்து. உங்களிடம் இருப்பது ஐந்து மாதம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது, நான்கு மாதத்துக்குள் பேச்சைக் குறைத்து ஒரு கனமான அப்டேட்டைக் கையில் கொடுத்தார்களே, அந்த ஒன்றைத்தான்.

டிஎல்சிக்கு வருகிறேன். 'ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு' 2016 செப்டம்பரில், தான் இன்னும் ஏர்லி ஆக்சஸில் இருக்கும்போதே, 'ஸ்கார்ச்டு எர்த்' என்ற விரிவாக்கத்தை 20 டாலருக்கு விற்றது. 'முடிக்காத வீட்டுக்கு மாடி கட்டிக் காசு கேட்கிறார்கள்' என்கிற கோபம் கிளம்பியது. ஆர்க் அதைத் தாண்டி வந்துவிட்டது, ஏனென்றால் அப்போதே அதை ஆடுபவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சில ஆயிரம் பேர் வெறுத்துப் போனாலும் சர்வர்கள் நிறைந்திருந்தன. 9,000 பேர் உள்ள கேமுக்கு அந்தத் தெம்பு கிடையாது. சேவ் கெட்டிருக்கும் கேமுக்கு 8 டாலர் டிஎல்சி வந்தால், அந்த டிஎல்சி பக்கத்துக்கும் தனியாக ரிவ்யூ உண்டு என்பதை நினைவில் வையுங்கள். முதல் பத்து ரிவ்யூவும் சேவ் கெட்டதைப் பற்றித்தான் இருக்கும்.

ஆனால் பணம் வேண்டுமே. உங்கள் டிஎல்சி வேலை யாருடைய நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். புரோகிராமர் கை தேவைப்படும் எதையும் இப்போது தொடாதீர்கள். ஓவியரும் இசை அமைத்தவரும் சேவ் பக்கைச் சரிசெய்யப் போவதில்லை; அவர்கள் நேரத்தில் ஒரு ஆதரவாளர் பேக் தயாரிக்கலாம். சவுண்ட்டிராக், ஓவியப் புத்தகம், வீடுகளுக்கு நாலைந்து புது வண்ணங்கள் என்று 4 அல்லது 5 டாலருக்கு வையுங்கள். சவுண்ட்டிராக்கை ஸ்டீமில் கேம் வாங்காதவர்களும் தனியாக வாங்கலாம். ஆட்டத்தை எந்த விதத்திலும் மாற்றாத பொருள் என்பதால் வாங்காதவர்களுக்கு எதுவும் குறையாது. 'ஓவியர் செய்தது, சேவ் வேலைக்கும் இதற்கும் ஆள் வேறு' என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், ஏனென்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பேட்ச் வந்து இரண்டு வாரமாவது கழித்து இதை விடுங்கள். புதுத் தீவு, புதுப் பயிர் என்று ஆட்டத்தையே பெரிதாக்கும் டிஎல்சி முழு வெளியீட்டுக்குப் பிறகு.

லாஞ்சர் லாகின் வேண்டாம். 'ஹெல்டைவர்ஸ் 2' 2024 மே மாதம் பிசி ஆட்டக்காரர்களுக்கு பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கைக் கட்டாயம் ஆக்கப்போவதாக அறிவித்தபோது, சில நாளிலேயே நெகட்டிவ் ரிவ்யூக்கள் மலையாகக் குவிந்தன. அந்தக் கணக்கு வசதியே இல்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் கேம் ஸ்டீமிலிருந்து விற்பனைக்கு எடுக்கப்பட்டது. கடைசியில் கேமை வெளியிட்ட சோனி பின்வாங்கியது. அத்தனை பெரிய நிறுவனத்தாலேயே தாங்க முடியவில்லை. வாங்கும்போது இல்லாத நிபந்தனையைப் பிறகு சேர்ப்பது கொடுத்த பொருளைப் பாதி திரும்பப் பிடுங்குவது போலத்தான். பப்ளிஷருக்கு மின்னஞ்சல் முகவரிகள்தான் வேண்டும் என்றால், மெயின் மெனுவில் ஒரு செய்திமடல் பொத்தான் போதும்.

கோ-ஆப் விஷயத்தில் பேசாமல் இருப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒருவர் ஆடுவதற்காகக் கட்டிய கேமில் பிறகு நெட்வொர்க் சேர்ப்பது கிட்டத்தட்ட மறுபடி எழுதுவதற்குச் சமம்: யார் கணினியில் உலகம் ஓடுகிறது, நடத்துபவர் வெளியேறினால் சேவ் யாருடையது, இருவர் ஒரே மரத்தை ஒரே நொடியில் வெட்டினால் கட்டை யாருக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு வேலை. ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஜனவரிக்குள் இது வராது. வராது என்றால் கடைப் பக்கத்திலிருந்தும் ரோட்மேப்பிலிருந்தும் இந்த வாரமே எடுத்துவிட்டு, எடுத்ததைச் சொல்லவும் வேண்டும். 'ஓவர்வாட்ச் 2' வரக் காரணமாகச் சொல்லப்பட்டதே பெரிய கதைவழி ஆட்டம்தான். 2019-இல் அறிவித்தார்கள், 2023 மே மாதம் அதன் மையமான ஹீரோ மோடைக் கைவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் கேம் ஸ்டீமுக்கு வந்ததும், பல கோபங்களோடு இதுவும் சேர்ந்து, அப்போது ஸ்டீமில் மிக மோசமான ரிவ்யூ வாங்கிய கேம்களில் ஒன்றாக நின்றது. நான்கு ஆண்டு தாங்கிவைத்த ஏமாற்றத்தைக் கொட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. உங்களுடையது பத்து மாத வாக்குறுதி. இப்போது சொன்னால் வலிக்கும், ஆனால் ஆறும். ஒரே திரையில் இருவர் ஆடும் வசதியாவது உங்கள் கேமராவுக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள். வந்தால், ஸ்டீமின் ரிமோட் பிளே டுகெதர் வழியாக வேறு ஊரில் இருக்கும் நண்பரும் சேர்ந்து ஆடலாம். அதுவும் முயன்று பார்க்கும் வரை யாருக்கும் சொல்லவேண்டாம்.

தள்ளுபடியை அக்டோபர் நடுவில், பேட்ச் வரும் அதே நாளில், 25 சதவீதத்தில் வையுங்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தால்தான் விஷ்லிஸ்டில் வைத்தவர்களுக்கு ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும். 15 சதவீதம் வைத்தால் அந்த மின்னஞ்சல் போகாது. வழக்கமான தள்ளுபடிகளுக்கு இடையில் 30 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், அதற்குப் பிறகு டிசம்பர் சேலில் 33 சதவீதம் சுலபமாக வைக்கலாம். 50-ஐ முழு வெளியீட்டுக்கு ஒரு வருஷம் கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முழு வெளியீட்டில் விலையை ஏற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: விலையை ஏற்றினால் 30 நாளைக்குத் தள்ளுபடி வைக்க முடியாது. அதனால் ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடவேண்டும், அதையும் ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

பப்ளிஷரிடம் போராடவேண்டிய இடம் பணம் வந்துசேரும் நாள். ஒரு மாத விற்பனைப் பணத்தை ஸ்டீம் அடுத்த மாதக் கடைசியில்தான் அனுப்பும். ஒப்பந்தத்தில் காலாண்டுக் கணக்கு என்று இருந்தால், அக்டோபர் பணமும் டிசம்பர் பணமும் ஒன்றாக பிப்ரவரியிலோ அதற்குப் பிறகோதான் உங்களுக்கு வரும். அதாவது 75 சதவீதத் தள்ளுபடி எவ்வளவு கொட்டினாலும், கையிருப்பு தீர்ந்தபிறகுதான் கொட்டும். ஆகவே மார்ச் வரைக்கும் மாதக் கணக்காக மாற்றித்தரக் கேளுங்கள். முடியாது என்றால் அக்டோபர் விற்பனை மேல் முன்பணம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு இடங்களைப் பாருங்கள்: குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி வைக்க உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டுமா, கேம் யாருடைய ஸ்டீம்வொர்க்ஸ் கணக்கில் இருக்கிறது, பில்டை நீங்களே விட முடியுமா, இரண்டாவது கேம் மேல் அவர்களுக்கு முதல் உரிமை இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால், உங்களை அவசரமாக அதற்கு மாற்றச்சொல்வதன் காரணம் புரியும். அதே பதில் பேரத்தில் உங்கள் கையையும் பலப்படுத்தும். அவர்களுக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது.

இரண்டாவது கேமை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. ஓவியர் ஒருவரும் வடிவமைப்பாளர் ஒருவரும் நவம்பரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மாதிரி வேலை தொடங்கலாம். புரோகிராமர், பேட்ச் வந்து ஆறு வாரம் சேவ் புகார் எதுவும் வராத வரை, அதைத் திறந்தே பார்க்கக்கூடாது.

பப்ளிஷருக்கு எழுதும் மின்னஞ்சலில் விசுவாசம், சமூகம் போன்ற சொற்களைப் போடாதீர்கள். 8 ரிவ்யூவுக்கு 27, 48-க்கு 240, 750 பிரதிக்கு 2,240, ரீஃபண்ட் இரண்டு மணி நேரம் பக் நாற்பது மணி நேரம் என்ற நான்கு வரிகளை மட்டும் மேலே வையுங்கள். கீழே இரண்டு கோரிக்கை: அக்டோபரில் 25 சதவீதம், மார்ச் வரை மாதக் கணக்கு. அதை அனுப்புவதற்கு முன்பே, கெட்டுப்போன சேவ்களை அனுப்பச் சொல்லி இன்று டிஸ்கார்டில் போட்டுவிடுங்கள். அந்தக் கோப்புகள் கைக்கு வராமல் புரோகிராமரால் நாளைக் காலை வேலையைத் தொடங்க முடியாது.